கம்பி கட்டிய திருகு

"வட்டம் எதுக்குங்க டீச்சர் வட்டமா இருக்க மாட்டேங்குது?"

ஆறுச்சாமி கேட்டார். பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிரவில்லை.

"முதல்ல ஒரு டீ சொல்லுங்கண்ணா."

ஜெசிந்தா ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது கணபதிப் பகுதியில் உள்ள பட்டறைகளுக்குப் போய் மெஷின் கோளாறு பார்க்கிறார். ஆறுச்சாமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் எல்லாருக்கும் டீச்சர்தான்.

"அந்தம்மா பாதி நேரம் டீ குடிப்பாங்க, மீதி நேரம் சும்மா நிப்பாங்க. மெஷின் வெக்கப்பட்டுத் தானாச் சரியாயிடும்" என்று பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

டீ வந்தது.

"இப்பச் சொல்லுங்க."

ஆறுச்சாமி ஓர் இரும்பு வளையத்தை நீட்டினார். பம்புக்குள் போகும் வளையம். அதன் சுவர் ஓர் அட்டையின் கனம்தான் இருக்கும்.

"சி.என்.சி. மெஷின்ல மாட்டியிருக்கறப்ப அளந்தா வட்டம். சுத்தமான வட்டம். கம்பெனிக்குப் போனா கோணல்னு திருப்பி அனுப்பறாங்க. இங்க நல்லா இருக்கறது அங்க போறதுக்குள்ள எப்படிங்க கெட்டுப் போகும்?"

திரும்பி வந்த வளையங்கள் மூலையில் குவிந்து கிடந்தன. கண்ணுக்கு எல்லாமே வட்டம்தான்.

"யாரு ஓட்டறது?"

"நாந்தான்."

"முன்ன?"

"பையன். சம்பத்."

அந்தப் பெயரில் அவர் குரல் இறங்கிப் போனது.

"அவன் கைத்தப்புன்னுதான் நெனச்சேன். அவன் போனதுக்கப்புறம் நானே ஓட்டறேன். அதே கோணல். சோறு எறங்க மாட்டேங்குது. மெஷின் தப்புன்னா அதைச் சொல்லிடுங்க டீச்சர், வித்துட்டுப் போறேன். ஆனா அவன் மேல தப்பே இல்லேன்னா..."



ஒரே ஒரு வளையமாவது மகன் போட்டதைவிட நன்றாக வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதிக்காகத்தான் இத்தனை நாளும் ஓட்டினேனோ என்று நினைத்தபோது, அவருக்குத் தன்னைப் பார்த்தே பயமாக இருந்தது.

"எங்க போனாரு?"

"ஓசூர்ங்கறாங்க. போன் எடுக்க மாட்டேங்கறான்."

"எப்படிப்பட்ட பையன்?"

"தங்கம்ங்க. பொறந்ததுலிருந்து எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. மேல படிக்க வேண்டாம், பட்டறைக்கு வான்னேன். வந்தான். இப்படியொரு புள்ள யாருக்குக் கெடைக்கும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்லுவாங்க. ஒரே ஒரு நாள் வாயைத் தொறந்தான். அன்னிக்கே போயிட்டான்."

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு போடுங்க, பாக்கலாம்."

ஆறுச்சாமி புது வளையத்தை மெஷினின் பிடிப்பானான சக்கில் வைத்து மிதியை அழுத்தினார். சக்கின் தாடைகளான மூன்று ஜாக்களும் டக்கென்று மூடி வளையத்தைக் கவ்வின. கதவைச் சாத்தினார். உள்ளே கூலண்ட் தண்ணீர் பீய்ச்சியது. வெட்டும் டூல் வளையத்தின் உட்புறத்தைக் குடைந்து முடித்து விலகியது.

கதவைத் திறந்தார். வளையத்தைக் கழற்றாமலே அதன் உட்புறத்தில் அளவு டயலின் முனையைத் தொடவைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார். டயலின் முள் அசையவே இல்லை.

"பாருங்க! இதைவிட ஒரு வட்டம் உண்டுங்களா?"

"கழட்டி அளக்கறதில்லையா?"

"கழட்டிட்டா அப்புறம் எப்படித் திருத்தறது? திருப்பி மாட்டினாப் பழைய எடத்துல உக்காராதே. மாட்டியிருக்கும்போதே அளக்கறதுதானே தொழிலு?"

ஜெசிந்தா மெஷினின் பின்பக்கம் போனார். ஜாக்களின் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு அங்கே இருந்தது. யாரும் அசைக்க முடியாதபடி அதைக் கட்டுக் கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது.

"இது யாரு கட்டினது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"அவன் பிடியைக் கொறச்சு வெச்சான். ஒரு வளையம் நழுவிக் கதவுல வந்து அடிச்சுது. அந்தக் குழியப் பாருங்க. கடைசி வரைக்கும் இறுக்கிக் கட்டிட்டேன். இனி இதுல கை வெச்சாக் கை இருக்காதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"கட்டிங் பிளேயர் குடுங்க."

"வேண்டாங்க டீச்சர். பறந்துடும்."

"மெஷின் நின்னுட்டுத்தானே இருக்கு. எங்க பறக்கும்?"

கொடுத்தார். கம்பி அறுந்து தரையில் விழுந்தது. ஜெசிந்தா திருகை மெல்லத் தளர்த்தினார். வளையம் விழவில்லை. லேசான பிடியில் அப்படியே இருந்தது.

"இப்பச் சுத்துங்க."

முள் ஏறியது. இறங்கியது. ஒரு சுற்றுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியது. ஒரு ஜாவுக்கு ஒன்று.

ஆறுச்சாமி திரும்பச் சுற்றினார். டயலைத் துடைத்துவிட்டுச் சுற்றினார். அதேதான்.

"இறுக்கத்துல நசுங்கினதை வட்டமாக் குடையறீங்க, பிடி விட்டதும் நிமிர்ந்து கோணலாயிடுது. அன்னிக்கு உங்க பையன் வாயைத் தொறந்தாருன்னீங்களே. என்ன சொன்னாரு?"

ஆறுச்சாமி குனிந்து அறுந்த கம்பியை எடுத்தார்.

"கழட்டிட்டு அளந்து பாருங்கப்பான்னான்."

"நீங்க?"

"எனக்கே பாடம் நடத்தறயான்னேன்."

கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வளையத்தைச் சரி பண்ண முடியுங்களா டீச்சர்?"

"இதை முடியாதுண்ணா. எடுத்த இரும்பு எடுத்ததுதான்."

"இனிமே போடறது?"

"ஜாவை வளையத்தோட வளைவுக்கே குடைஞ்சுக்குங்க. சுத்தி அணைச்சுக்கும். லேசாப் பிடிச்சாப் போதும்."

"நழுவிடுச்சுன்னா?"

"நழுவட்டும். கதவு எதுக்கு இருக்குது?"

ஜெசிந்தா வாசலுக்குப் போனார்.

ஆறுச்சாமி மெஷினின் பின்பக்கம் போய்த் திருகைப் பழையபடி இறுக்கினார். வந்து சக்கைச் சுற்றினார். முள் அசையவில்லை. அப்பழுக்கில்லாத வட்டம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர்." "பிடிக்குள்ள இருந்த வரைக்கும் வட்டமாத்தானேங்க இருந்துச்சு?"

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பிடிக்குள்ள இருக்கறப்ப மட்டும்தானேண்ணா நீங்க பாத்தீங்க."