ஏழு அறைக் கூடு

ஒரு குளக்கரை ஈச்சமரத்தில் செம்பொன் என்ற தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டியிருந்தான்.

அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடுதான் கட்டுவான். பெண் வந்து உள்ளே உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்து, நாரை இழுத்துப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். அப்புறம் அவன் குழல் மாதிரி நீளமாக ஒரு வாசல் வைப்பான். வாசல் வைத்தால்தான் தாலி கட்டின மாதிரி. அதுவரை பேச்சுவார்த்தைதான். மனிதர்களும் இப்படி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும் என்பது என் கட்சி.

நாச்சாள் என்ற குருவி வந்தாள். உட்கார்ந்தாள். ஆட்டினாள். இழுத்தாள்.

"கூடு பிடிச்சிருக்கு, உங்களையும் பிடிச்சிருக்கு! சீக்கிரம் வாசலை வைங்க. மழைக்கு முன்னாடி நான் முட்டை போடணும். வாசல் இல்லாத கூட்டுல போட்டா பாம்பு தின்னுட்டுப் போயிடும்!"

வாசல் ஒன்றரை நாள் வேலை. ஆனால் செம்பொன்னுக்கு ஒரு பேராசை. 'இப்போதே இவ்வளவு பிடித்திருக்கிறதே, இன்னும் கொஞ்சம் பிடிக்க வைத்தால் என்ன?' என்று நினைத்தான். நேரே கரியமாணிக்கத்திடம் பறந்தான்.

கரியமாணிக்கம் ஒரு காக்கை. குளத்தோரப் போண்டாக் கடையில் எறிகிற காகிதங்களைப் படித்தே தாம்பத்திய வைத்தியர் ஆகிவிட்டவர். அன்று அவர் காலடியில் கிடந்தது ஏதோ பழைய காலத்துப் புத்தகத்தின் கிழிந்த பக்கம்.

"கேளப்பா! கணவன் மூன்று நாள் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். நான்காம் நாள் பச்சைப் பூண்டு பதினொரு பல் தின்ன வேண்டும். பிறகு மனைவியின் முகத்துக்கு நேரே மூன்று முறை ஊத வேண்டும். காதல் பெருகும்!"

"பெருகுமா?"

"அச்சில் போட்டிருக்கிறதே!"

செம்பொன் மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்றான். நான்காம் நாள் பூண்டு தின்று ஊதினான்.

நாச்சாள் மரத்திலிருந்தே விழப் பார்த்தாள். "ஐயோ! உள்ள ஏதாச்சும் செத்துக் கிடக்கா?"

"காதல் பெருகலையா, நாச்சா?"

"கண்ணீர்தான் பெருகுது! வாசல் எங்கங்க?"

செம்பொன் மறுபடி காக்கையிடம் ஓடினான். இந்த முறை கரியமாணிக்கத்திடம் இருந்தது ஒரு கடையின் வழவழப்பான விளம்பரத் தாள்.

"அது பழைய வைத்தியம். புது வைத்தியம் இது! 'நிறைய வாங்குங்கள், நிறைய மகிழுங்கள். ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்!' உன் கூட்டில் என்ன இருக்கிறது?"

"நாரும் களிமண்ணும் இருக்கு."

"அவ்வளவுதானா? பாவம் அந்தப் பெண்!"

அந்தப் 'பாவம்' செம்பொன்னைக் குத்திவிட்டது. பாட்டில் மூடி கொண்டுவந்தான். கூடவே இன்னொரு பாட்டில் மூடி. பல் துலக்கும் பிரஷ் இரண்டு. ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் ரோஜா, செருப்பு வார், உடைந்த கடிகாரம். வைக்க இடம் இல்லை. கூட்டுக்குக் கீழே இன்னொரு அறை கட்டினான். அதுவும் நிறைந்தது. இன்னொன்று கட்டினான். ஏழு அறை ஆயிற்று! கடைசியில் அவனுக்கே உள்ளே நுழைய வழியில்லாமல் வெளியே மட்டையில் உட்கார்ந்து தூங்கினான்.

"மேகம் கறுத்துடுச்சுங்க! எனக்கு முட்டை வர்ற நேரம். வாசல்..."

"இரு நாச்சா, இன்னொரு கடிகாரம் பார்த்து வச்சிருக்கேன்!"

நாலு நாள் அலைந்து அவன் கடிகாரத்தோடு திரும்பி வந்து, நாச்சாள் அங்கே இல்லாததைக்கூடக் கவனிக்காமல், கூட்டின் மேல் உட்கார்ந்தான். மேற்கிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. ஈச்ச மட்டை ஒரு முனகு முனகியது. படார்! ஏழு அறையும் கீழே குளித்துக்கொண்டிருந்த எருமையின் கொம்பில் போய் விழுந்தது.

எருமை நிமிர்ந்து தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டது. "நல்லாத்தான் இருக்கு!" என்று ரோஜாவும் பிரஷுமாகக் கரையேறி, கடைத்தெருப் பக்கம் நடந்தது.

செம்பொன் நனைந்துகொண்டே காக்கையிடம் பறந்தான். "வைத்தியரே, குடி முழுகிப் போச்சு! உங்க வீட்டுல இப்படி ஆனா என்ன செய்வீங்க?"

கரியமாணிக்கம் தலையைச் சொறிந்தார். "என் வீடா? மூன்று வருஷமாக என் கூட்டில் குயில் குஞ்சுதான் வளர்கிறது. எப்படி என்றுதான் எனக்கும் புரியவில்லை. அதற்கு இன்னும் காகிதம் கிடைக்கவில்லையப்பா!"

செம்பொன்னுக்கு அப்போதுதான் நாச்சாளின் நினைவு வந்தது. குளக்கரைக்குத் திரும்பினான். பக்கத்து மரத்தில் அம்பலம் என்ற குருவியின் கூடு மழையில் ஆடிக்கொண்டிருந்தது. சின்னக் கூடு. நேர்த்தியான நீண்ட வாசல். அந்த வாசலில் நாச்சாளின் தலை தெரிந்தது.

"நாச்சா! அவன்கிட்ட ஒரு பாட்டில் மூடிகூட இல்லையே! அப்படி என்னத்தைக் கொடுத்துட்டான்?"

"மெதுவாப் பேசுங்க, முட்டை மேல உட்கார்ந்திருக்கேன்," என்றாள் நாச்சாள். "என்ன வேணும்னு கேட்டார். வாசல்னு சொன்னேன். வச்சுட்டார்."

செம்பொன் அதுவரை காலில் இடுக்கியிருந்த கடிகாரம் குளத்தில் விழுந்தது.

கூட இருப்பவர் கேட்கும் ஒன்றைக் காதில் வாங்காமல், ஊரார் சொல்லும் நூறை வாரிச் சேர்ப்பவனுக்குக் கடைசியில் கூடும் மிஞ்சாது, கூட இருப்பவரும் மிஞ்சார்.