செங்குளம் வளைவில் நின்ற பஸ்

சங்கரபாண்டியன் முதலாளி வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். அன்று ஓட்டுநர் எசக்கிமுத்துவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார். நிறுத்தக்கூடாத செங்குளம் வளைவில் எசக்கி பஸ்ஸை நிறுத்திவிட்டான். டிராபிக் போலீஸ்காரர் அபராதம் போடாமல், எச்சரிக்கை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஏலே, சாவியை வச்சிட்டுக் கிளம்பு. உன் பேரு கெட்டுப்போச்சு."

"வெறும் எச்சரிக்கை குத்தக் கணக்குல ஏறுமா முதலாளி?" என்று எசக்கி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பணிவாகக் கேட்டான்.

"ஏறாம? தப்பு பண்ணாதவனுக்கா எழுதிக் குடுப்பான்?"

"அப்போ போன ஐப்பசியில, டயரு மொட்டையா இருக்குன்னு உங்களுக்கு எழுதிக் குடுத்தாங்களே, அதுவும் ஏறுமா?"

அந்த டயரோடு ஓடிய பஸ்தான் மழையில் செங்குளம் வளைவில் கவிழ்ந்தது. செத்தவள் எசக்கியின் மகள் செல்வராணி. "வெறும் எச்சரிக்கைதானே, அதெல்லாம் கணக்குல வராது" என்று அன்றைக்குத் தட்டிக் கழித்தவர் இதே முதலாளிதான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, சரி. எச்சரிக்கை ஏறாது. போய் வண்டியை எடு."

"ஏறும்னே சொல்லுங்க முதலாளி. நான் வேலையை விட்டுட்டுப் போயிருதேன்."

முதலாளி சாவியை அவன் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெயித்தவன் முகத்தைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

அன்றைக்கும் செங்குளம் வளைவில் பஸ் நின்றது. எசக்கி தானாக வண்டியை எடுக்கும்வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை.