கண் திறக்காத படம்

அறுபதைத் தாண்டிய மனுஷன் பள்ளிக்கூடம் போவானா? ஒச்சப்பன் போனார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர், மகள் வேம்பரசி செத்த துக்கத்தில் ஓவிய வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். சொல்லிக்கொடுத்த மரகதவல்லிக்கு நாற்பது வயசுதான். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "ஐயா" என்பாள்.

அவருக்கு வரையவேண்டியது ஒரே ஒரு படம். மகளை.

நம் பக்கம் சிலையோ படமோ, கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்? நெற்றி, மூக்கு, காதுத்தோடு எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. கண் மட்டும் வரவில்லை. பதினோரு முறை வரைந்தார், பதினோரு முறையும் சுரண்டினார். அந்த இடத்தில் கான்வாஸ் துணியே நைந்துபோயிற்று.

மணிலாவில் மரகதவல்லியின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். "கூட வாங்கய்யா" என்றாள். படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில் டெல்ஃபின் லகும்பாய் என்ற ஓவியர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸே கொண்டாடிய மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறவேண்டும். தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த பலகைத் தரை.

ஓவியரின் மகள் கொராசான்தான் பார்த்துக்கொள்கிறாள். எழுபது வயசு. வந்தவர்களை முதலில் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். மரகதவல்லி அதைத் தமிழில் சொன்னாள்.

"அட, நம்மூர் ஆளு மாதிரியே கேக்குறாங்க!" என்று ஒச்சப்பன் சிரித்தார். பாவம், அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உள்ளறையில் ஒரு வாலிபனின் படம். புருவத்தை நெரித்து முறைத்துக்கொண்டு நின்றான்.

"யாரு டீச்சர் இவன்? வெட்டிப்புடுற மாதிரில்ல பாக்கிறான்!"

மரகதவல்லி கொராசானிடம் கேட்டாள். பதிலைக் கேட்டதும் அதை ஒச்சப்பனிடம் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள்.

"இவங்க தம்பியாம். பேரு எமில். அப்பாவோட சண்டை போட்டுட்டு ஏரியில படகை எடுத்துட்டுப் போனவன், திரும்பலை. மறுவாரமே அப்பா இதை வரைஞ்சாராம்."

"ஏன், அவனுக்குச் சிரிச்ச முகமே கெடையாதா?"

"சிரிச்ச போட்டோ கட்டுக்கட்டா இருந்துச்சாம். அவர் அவன் கடைசியா முறைச்ச இந்த முகத்தைத்தான் வரைஞ்சார். சாகுற வரைக்கும் இதுக்கு எதிர்ல உக்காந்துதான் சாப்பிட்டாராம்."

ஒச்சப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"பிடிச்சவனைக் கட்டிக்கிறேன்னு சொன்னா டீச்சர். 'என் பொணத்தைத் தாண்டிப் போ'ன்னுட்டேன். நரம்பில்லாத நாக்கு. வாசப்படியில நின்னு திரும்பி ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். வாடிப்பட்டி தாண்டி அவ போன பஸ் கவுந்துருச்சு. பாவி நான், அவ பொணத்தைத் தூக்கிட்டு வந்தேன்."

கொராசானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

மரகதவல்லி குழாயைத் திறந்து படத்தைத் தரையில் விரித்தாள்.

"பதினோரு தடவையும் எந்தக் கண்ணை வரைஞ்சீங்க?"

"காலேஜ் அடையாள அட்டையில சிரிச்சுக்கிட்டிருப்பா. அந்தக் கண்ணை."

"அப்புறம் ஏன் சுரண்டினீங்க?"

"அது போட்டோக்காரனைப் பாத்துச் சிரிச்சது டீச்சர். என்னைப் பாக்கலை."

அவள் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வேண்டாம் டீச்சர். கண்ணை மூடினா அந்தக் கடைசிப் பார்வைதான் வருது. அதை வரைஞ்சுட்டா, நான் சாகுற வரைக்கும் கோவமாத்தானே பாத்துக்கிட்டிருப்பா?"

"பாக்கட்டுமே ஐயா," என்றாள் மரகதவல்லி. "உங்களைத்தானே பாக்கிறா."