யானைக்கட்டுப் பெட்டிக்குப் போட்ட பூட்டு

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டைக் கோதண்டவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனசு தங்கம். ஆனால் கோபம் எப்போது வரும், சிரிப்பு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

அந்த ஊரில் மரம் கடைந்து சாமான் செய்யும் கடைசல்காரர் மருதையன் புதிதாக ஒரு விளையாட்டுச் செய்தார். மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே காடும் ஆறுமாகக் கட்டங்கள். ஒருவர் யானைகளை ஆற்றுக்கு ஓட்ட வேண்டும். எதிராளி பாகன்களை வைத்து மறிக்க வேண்டும். யானைக்கட்டு என்று பேர். ராஜாவும் ஒரு பெட்டி வாங்கினார். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும், "அம்பலவாணரே, வாரும்!" என்று மந்திரியைக் கூப்பிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இதைப் பார்த்து ஒருவருக்கு வயிறு எரிந்தது. அவர் அரண்மனைக் காவல் அதிகாரி வல்லபராயர். தூணோரம் நின்றபடி, ராஜா சிரிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார். 'அந்த மணையில் நான் உட்கார்ந்தால் ஆகாதா? ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டாரா?' அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் கண்ணை மூடினால் அம்மன் முகம் வரவேண்டிய இடத்தில் அம்பலவாணர் முகம் வந்தது. பாவம், பொறாமை வந்த மனசுக்குச் சாமிகூடத் தெரிவதில்லை.

ஒருநாள் மருதையன் கையைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். "மகாராஜா, ஜனங்கள் என் கட்டத்தைப் பார்த்துத் தரையில் வரைந்து, புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறார்கள். பெட்டி விற்றால்தானே என் வீட்டில் அடுப்பு எரியும்?"

வல்லபராயர் முன்னால் பாய்ந்தார். "பெட்டிக்கெல்லாம் பூட்டுப் போடுவோம் மகாராஜா! வாங்காதவர் கண்ணில் கட்டம் படாது. சாவி என்னிடம் இருக்கட்டும். ஆட நினைப்பவர் ஆள் அனுப்பினால், நான் வந்து விசாரித்துத் திறந்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை பெட்டிகள் என் வீட்டுக்குச் சோதனைக்கு வரட்டும்."

"என் பெட்டிக்குமா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே!"

அம்பலவாணர் சிரித்தார். "களவாக ஆடுகிறவர் பெட்டியே வாங்குவதில்லையே, ராயரே. பிறகு பூட்டு யாருக்கு?"

"உம்முடைய ஆட்டம் தடைப்படுமே என்ற கவலை உமக்கு!"

"சண்டை வேண்டாம். பூட்டுங்கள்!" என்றார் ராஜா.

பூட்டினார்கள். வாங்கினவர்கள் சாவிக்காரருக்காக வாசலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தார்கள். "இதற்குத் தரையே மேல்" என்று பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மார்கழியில் மருதையன் மறுபடி வந்தார். "பட்டறையை விற்றுவிட்டு வேறு ஊர் போகிறேன், மகாராஜா. உத்தரவு கொடுங்கள்."

ராஜாவுக்குத் திக்கென்றது. "என்ன செய்யலாம், அம்பலவாணரே?"

"ஒரு பந்தயம் வைப்போம். தாங்கள் வாங்கின பெட்டியில் ஆடுங்கள். நான் களவாக ஆடுகிறேன். யார் முதலில் ஆரம்பிக்கிறோம் பார்ப்போம்."

அம்பலவாணர் அரிசி மாவு கேட்டு வாங்கித் தரையில் கட்டங்களை இழுத்தார். வாயிற்காவலனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

அந்தப் பக்கம் வல்லபராயர் சாவியோடு நின்றார். "பெட்டி யார் பேரில் இருக்கிறது?"

"என் பேரில்தான், ஐயா!"

"தாங்கள் ராஜாதான் என்பதற்கு முத்திரை மோதிரம்?"

மோதிரம் எண்ணெய்க் குளியலுக்குக் கழற்றியது, குளியலறையில் கிடந்தது. ஆள் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

"சரி. பெட்டி வாங்காதவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்!"

"என்னோடு ஆடவந்த தளபதியுமா?"

"அவரும் வாங்கவில்லையே, மகாராஜா."

தளபதி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்குள் இந்தப் பக்கம், "யானை ஆற்றில் இறங்கிவிட்டது!" என்று காவலன் துள்ளினான்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "காசு கொடுத்தவன் நான் காத்திருக்கிறேன், கொடுக்காதவன் ஜெயிக்கிறானா! அம்பலவாணரே, பூட்டின பிறகும் ஜனங்கள் இந்தக் கட்டத்தை எங்கேதான் பார்க்கிறார்கள்?"

"இன்று காலை ஒரு வீட்டு வாசலில் நானே பார்த்தேன், மகாராஜா. கோலமாகப் போட்டிருந்தது."

வல்லபராயர் குதித்தார். "அந்த வீட்டுக்காரனை விடக்கூடாது! ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் அவன்!"

"அப்படியே ஆகட்டும். யார் வீடு?"

"ராயர் வீடுதான்" என்றார் அம்பலவாணர்.

ராயரின் மனைவி வடிவாம்பாளை அழைத்துவந்தார்கள். அந்த அம்மாள் பயப்படவில்லை. "நான்தான் போட்டேன், மகாராஜா. பார்க்க லட்சணமாக இருந்தது." பிறகு புருஷனைப் பார்த்து, "என்னங்க, சோதனைக்கு வந்த பெட்டியைத் திறந்துவைத்துத் தினமும் நீங்கதானே ஆடினீங்க? இந்தப் பக்கம் ஒரு காய் வைப்பீங்க. எழுந்து அந்தப் பக்கம் போய், 'இதற்கு ராஜா என்ன வைப்பார்?' என்று யோசித்து இன்னொரு காய் வைப்பீங்க. பக்கத்திலிருந்து பார்த்தேன், மனசில் பதிந்துபோச்சு" என்றாள்.

சபையில் எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. வல்லபராயர் தலை குனிந்துவிட்டது.

"ஆட ஆசை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ராயரே" என்றார் ராஜா.

"தாங்களாகக் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன், மகாராஜா."

அவர் சொன்ன தண்டனை அவருக்கே வந்தது. வீடு வீடாகப் போய்ப் பூட்டைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். முதல் வீடு மருதையன் வீடு.

அம்பலவாணர் மருதையனிடம் சொன்னார்: "தரையில் வரைகிறவர் வரையத்தான் செய்வார், அது சரியில்லைதான். ஆனால் வாங்கினவரை நாம் உபசரிக்கவேண்டாமா? காய் உடைந்தால் மாற்றிக் கொடும். பொங்கலுக்குப் பொங்கல் அவர்களுக்கு மட்டும் புதுக் காய் ஒன்று வீடு தேடிப் போகட்டும்."

அந்தத் தைப்பொங்கலுக்குத் தும்பிக்கை தூக்கிய குட்டியானை ஒன்று வந்தது. அதற்காகவே திருப்பிக் கொடுத்தவர்கள்கூட மறுபடி பெட்டி வாங்கினார்கள். பட்டறையை விற்கிற பேச்சை மருதையன் எடுக்கவேயில்லை. ராஜா மந்திரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு தூணோரம் பார்த்து, "ராயரே, வாரும்!" என்றார்.

வல்லபராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தானே ஆடிப் பழகிய கை அல்லவா? முதல் ஆட்டம் ஜெயித்தார். அடுத்ததும் ஜெயித்தார்.

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். "அம்பலவாணரே, கழற்றின பூட்டில் நல்லதாக ஒன்று மிச்சம் இருக்கிறதா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாரா என்பது அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.