துண்டுக்குள் கை நீட்டிய அரசன்

பெரியவர்களும் பிள்ளைகளும் கொஞ்சம் காது கொடுங்கள். மலைக்குத் தெற்கே மஞ்சிநாடு என்று ஒரு நாடு இருந்த காலம். மாறவேல் என்ற அரசன் அதை ஆண்டான். நல்லவன்தான். ஆனால் நல்லவர்கள் கொடுக்கிற தொல்லை இருக்கிறதே, அது தனி வகை.

அந்த நாட்டில் கொன்றையூர் மாட்டுச் சந்தை பேர்போனது. அங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கு அடியில் கை நீட்டி, விரலைத் தொட்டுத் தொட்டே தொகையைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். ஒத்துவந்தால் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். ஒத்துவராவிட்டால் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். ஏன் உருவினாய் என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

அந்தச் சந்தையில் விற்பதற்காக ஒரு காளையை வளர்த்துவந்தாள் நாச்சாயி. கணவனை இழந்தவள், வாயை இழக்காதவள். கன்றிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த காளை. அதை விற்றுத் தன் வறண்ட காட்டில் ஒரு கிணறு வெட்டவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

துண்டுப் பேரம் அரசன் காதுக்கு எட்டியது. "மறைத்துப் பேசுவது எதற்கு? ஏழைகளை ஏமாற்றத்தான்" என்று முடிவு கட்டினான். துண்டைத் தடை செய்தான். கிழடோ இளசோ, எல்லா மாட்டுக்கும் அரண்மனை சொல்லும் ஒரே விலைதான் என்று பறையடித்து அறிவிக்கச் செய்தான்.

நாச்சாயி யோசித்தாள். அந்த விலைக்குப் பாதிக் கிணறுதான் வெட்ட முடியும். பாதிக் கிணற்றில் தண்ணீர் ஏது? மலை தாண்டிப் போய் விற்கத் துணையும் இல்லை. காளையைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டாள்.

அடுத்த சந்தைக்கு நல்ல மாடுகள் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்குப் பல் விழுந்ததும் கால் நொண்டுவதும் மட்டும் வந்தன. அவற்றுக்குத்தானே அரண்மனை விலை லாபம்! மூன்றாம் சந்தைக்கு அவற்றை வாங்கவும் ஆள் இல்லை. நல்ல மாடெல்லாம் மலை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்விட்டன. விலை சொல்ல வந்த அதிகாரி பந்தலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

மழை பெய்தது. மஞ்சிநாட்டில் அரசன் பொன்னேர் பூட்டி முதல் சால் உழுத பிறகுதான் மற்றவர்கள் ஏரைத் தொடுவார்கள். அந்த நேரம் பார்த்து அரசனின் ஏர்க்காளைகளில் ஒன்று செத்துப்போனது. ஜோடி தேடிச் சந்தைக்கு ஆள் அனுப்பினான். நொண்டிதான் கிடைத்தது. நொண்டியைப் பூட்டி உழுதால் மானம் போகும். உழாமல் இருந்தால் மண் ஈரம் காய்ந்து நாடே பட்டினி கிடக்கும்.

யாரோ நாச்சாயியின் காளையைப் பற்றிச் சொன்னார்கள். அரசனே வீரர்களோடு அவள் வாசலுக்கு வந்து நின்றான்.

"அரண்மனை விலை தருகிறேன். காளையை அவிழ்த்துவிடு" என்றான்.

நாச்சாயி வீரர்களின் வாள்களைப் பார்த்தாள். ஆனாலும் கிணறு கண்முன் நின்றது.

"வாள் உங்க கையில இருக்குதுங்க சாமி. நீங்க அவுத்துட்டுப் போனா என்னால தடுக்க முடியாதுங்க. ஆனா அதுக்குப் பேரு வாங்கறது இல்லீங்க, புடுங்கறது. அதுக்கு ராசா எதுக்குங்க? ஒரு திருடன் போதுமுங்களே."

வீரர்களின் கை வாளுக்குப் போனது. அரசனின் முகம் சிவந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை எங்கே என்று தேடினான், கிடைக்கவில்லை.

"சரி, நான் என்ன செய்யவேண்டும்?"

நாச்சாயி ஒரு துண்டை எடுத்து விரித்தாள். "மோதரத்தையெல்லாம் கழட்டிட்டுக் கையை நீட்டுங்க. துண்டுக்குள்ள ராசா கை, குடியானவ கைன்னு கெடையாதுங்க. நா கையை உருவுனா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அரசன் மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கையை நீட்டி விரலை அழுத்தினான். அவள் உருவிக்கொண்டாள். மறுபடி அழுத்தினான். மறுபடியும் உருவிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து ஆமாம் சாமிகளையே பார்த்தவனுக்கு இது புதிது. அந்த ஆமாம்களில் எத்தனை பயத்தில் வந்தவை என்று முதன்முறையாக யோசித்தான். மூன்றாம் முறை நன்றாக நினைத்துப் பார்த்து அழுத்தினான். நாச்சாயி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

என்ன விலை என்று என்னைக் கேட்காதீர்கள். அது அந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

மறுநாள் அரசன் பொன்னேர் உழுதான். அந்த ஈரக் காலோடு நின்றே அறிவித்தான்: "துண்டுக்குத் தடை இல்லை. சந்தைக்கு வருகிறவர்களே சந்தைத் தலைவரைத் தேர்ந்தெடுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். வழியில் திருடர் பயம் இல்லாமல் பார்ப்பதும், பேசிய பேச்சை மீறியவனைத் தண்டிப்பதும் என் வேலை. விலை வைப்பது என் வேலை அல்ல."

மலை தாண்டிப் போன மாடுகள் திரும்பி வந்தன. அவற்றோடு அடுத்த நாட்டு மாடுகளும் வந்தன. கயிறு திரிப்பவர், வண்டி செய்பவர், சோறு விற்பவர் என்று ஆட்கள் வந்து குடியேற, கொன்றையூர் நகரமானது. நாச்சாயியின் கிணற்றிலும் தண்ணீர் ஊறியது.

சில ஆண்டுகள் கழித்து அடுத்த நாட்டு அரசன் அந்தச் சந்தையைப் பார்க்க வந்தான். "என் நாட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, தெரியுமா?" என்று மீசையை முறுக்கினான்.

மாறவேல் கூட்டத்தில் நின்ற நாச்சாயியைக் காட்டினான். "அதோ, என் முகத்துக்கு நேரே இரண்டு முறை முடியாது என்று சொன்னவள். இவளைப் போன்றவர்கள் என் நாடு முழுக்க இருக்கிறார்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். நாச்சாயியும் தலை குனியவில்லை.

ஆகவே, முடியாது என்று சொல்லும் உரிமை குடிமக்களுக்கு இருக்கும் நாடே செழிக்கும்.