யாருடைய துப்பாக்கி?

பக்கத்து நாட்டு ராஜாவின் காட்டு மான்தான் ருசி என்று ஒரு ஜமீன்தாருக்கு நினைப்பு. அந்த நாட்டுக்குள் துப்பாக்கி கொண்டுபோக அவர்கள் தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். வாங்கவில்லை. துப்பாக்கியை வேலைக்காரன் மாசாணத்தின் தோளில் மாட்டி, "பிடிச்சா நீ ஜெயிலுக்குப் போ" என்றார்.

எல்லைச் சாவடியில், தடுப்புக் கம்புக்கு முன்னாலேயே காவலர் மறித்தார். "துப்பாக்கி யாரோடது? சீட்டில்லாம கம்பைத் தாண்டினா ஜெயில்."

"அவனோடது. எனக்குச் சம்பந்தமில்லை" என்றார் ஜமீன்தார்.

மாசாணம் கும்பிட்டான். "ஐயாவே சொல்லிட்டாக, என்னோடதுதான். நான் தாண்டலைங்க. வீட்டுக்கே கொண்டுபோறேன்."

"டேய், அது என்..."

காவலர் திரும்பினார். "உங்களோடதா? அப்போ முதல்ல சொன்னது பொய்யா? சாவடியில பொய் சொன்னாலும் ஜெயில்தான்."

"அவனோடதுதான்."

மாசாணம் துப்பாக்கியோடு ஊர்ப்பக்கம் நடந்தான். காவலர் கம்பைத் தூக்கினார். "நீங்க தாராளமா வேட்டைக்குப் போகலாங்க. காட்டுல பன்றி ஜாஸ்தி, பார்த்துப் போங்க."