பாறை மடத்து வண்டியின் இரண்டாவது சாவி

பாறை மடத்துக்கு ஒரு வண்டி. வண்டிக்கு ஒரு சாவி. அது வெயிலுமுத்துவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். குரு உலகம்மை. வயது நாற்பத்தைந்து. ஊர் அவரை அம்மை என்று கூப்பிட்டது. சீடர் வெயிலுமுத்துவுக்கு அறுபத்து நாலு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் அம்மையின் பேச்சைக் கேட்க வந்தார். அப்படியே தங்கிவிட்டார்.

தியானத்தில் உட்காரவைத்தால் ஐந்து நிமிஷத்தில் குறட்டை. ஒரு வாரம் பார்த்த அம்மை, எட்டாம் நாள் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"இதுதான் உங்க தியானம் அண்ணாச்சி."

அதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

வண்டி ஒரு பல் டாக்டர் தானம் கொடுத்த பழைய வேன். திங்களும் வியாழனும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போகும். ஐந்து பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஆஸ்பத்திரி மெஷினில் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புவார்கள். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. பஸ் அந்தப் பக்கம் வராது.

ஐவரில் பேச்சியக்காவால் நடக்க முடியாது. வெயிலுமுத்துதான் தூக்கி உட்காரவைப்பார்.

"நல்லா இருப்பீங்க அண்ணாச்சி" என்று ஆரம்பிப்பாள் அவள்.

"ஏறுங்க. நேரமாச்சு."

"நன்றி சொன்னாக் கடிக்க வர்ற ஆளை இங்கதான் பார்க்கேன்" என்று அவள் மற்றவர்களிடம் சொல்வாள். வேன் முழுக்கச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கியரைப் போடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மை அவரைக் கூப்பிட்டார். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வண்டிக்கு இன்னொரு சாவி வேணும்."

"இருக்கிறதுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்லை."

"முப்பது வருஷம் லாரி. பன்னிரண்டு வருஷம் இந்த வேன். ஒரு சாவியைத் தொலைச்சிருக்கேனா?"

"இல்லை."

"பின்னே?"

"இன்னொண்ணு வேணும்."

வெயிலுமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ஒண்ணு கேக்கேன். நேராச் சொல்லணும். என் மேல நம்பிக்கை போயிட்டா?"

அம்மை முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். தூசி பறந்தது.

"சாவி செஞ்சிட்டு வாங்க. சொல்றேன்."

இரண்டு சாவி என்றால் இரண்டு டிரைவர். இது தெரியாதவரா அவர்?

அவருக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. சித்திரையிலிருந்து அடிவயிற்றில் ஒரு வீக்கம். பேச்சியக்காவைத் தூக்கும்போதெல்லாம் பிடுங்கும். ஒரு வியாழக்கிழமை, அவர்கள் மெஷினில் படுத்திருந்த நேரத்தில், டாக்டரிடம் காட்டினார். குடல் இறக்கம் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்ய வேண்டும். அதன்பின் ஆறு வாரம் தூக்கக் கூடாது, ஓட்டக் கூடாது.

ஆறு வாரம் என்றால் பன்னிரண்டு பயணம். வெயிலுமுத்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை வேனின் முன்பெட்டியில் பழைய துணிக்கு அடியில் திணித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. தூக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அம்மைக்குத் தெரிந்துவிட்டதோ? தெரிந்தால் உட்காரவைத்துவிடுவார். உட்காரவைத்தால் தியானம் செய்யச் சொல்வார். அதற்கு ஆபரேஷனே தேவலாம்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மைக்கு வாராவாரம் அன்று டவுனில் ஏதோ வேலை. வழக்கம்போல் தபால் ஆபீஸ் வாசலில் அவரை இறக்கிவிட்டு, வெயிலுமுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். குடைக்குக் கீழே சாவி வெட்டுகிறவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது சிப்பு வச்ச சாவி அண்ணாச்சி. வெட்டினா மட்டும் ஓடாது."

"இரும்புதானே? வெட்டு. எனக்குத் தெரியாத வண்டியா?"

அவன் வெட்டிக் கொடுத்தான். கதவில் போட்டார். திறந்தது. அதோடு விட்டுவிட்டார்.

மடத்துக்கு வந்ததும் அம்மை புதுச் சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. இரண்டு எண்ணுவதற்குள் செத்தது. மறுபடி பிடித்தது. மறுபடி செத்தது.

தன் சீட்டில் இன்னொரு ஆள். வெயிலுமுத்துவுக்கு அதுவே பெரிய எரிச்சல். அம்மையின் கால் கிளட்சைச் சரியாக மிதித்திருந்தது அவர் கண்ணில் பட்டது. கோபத்தில் மனதில் படவில்லை.

"கதவு திறக்குதே!" என்றார்.

"திறக்குது. உள்ளே உட்கார்ந்து கதை பேசவா போறோம்?"

திங்கட்கிழமை பயணத்தின்போது பெரிய கடைத்தெருவில் உதுமானைப் பிடித்தார். கார்ச் சாவிக்கென்றே கடை வைத்திருப்பவன். உதுமான் சாவித் தலையில் நகத்தால் தட்டினான்.

"இதுக்குள்ள நெல்லு மாதிரி ஒரு சிப்பு இருக்கு அண்ணாச்சி. வண்டி அதைக் கேக்கும், அது பதில் சொல்லும். பதில் சரியா இருந்தாத்தான் எஞ்சின் ஓடும். வண்டி பழசு, சிப்பு கோயம்புத்தூர்லேர்ந்து வரணும். புதன்கிழமை வாங்க."

"வந்து சேருமா?"

"வரும். ஒண்ணு கையில இருக்கும்போதே வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். எங்கிட்ட வர்றவங்க முக்காவாசிப் பேர் இருந்ததையும் தொலைச்சிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுத்தான் வர்றாங்க."

புதன்கிழமை போனார். உதுமான் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு மெஷினை மாட்டினான். கொஞ்ச நேரம் பட்டனைத் தட்டினான்.

"அண்ணாச்சி, இப்போ உங்க பழைய சாவியைப் போட்டுப் பாருங்க."

கழுத்துக் கயிற்றோடு குனிந்து போட்டார். எஞ்சின் பிடித்தது. இரண்டு எண்ணுவதற்குள் செத்தது.

சாவியை உருவி மறுபடி போட்டார். மறுபடி செத்தது. "என்னடே பண்ணிட்டே? நாளைக்கு வியாழக்கிழமைடே! அஞ்சு உசுரு காத்துக் கெடக்கு!"

"பதறாதீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் புதுசா எழுதணும். இந்த நிமிஷம் வண்டிக்கு யாரையும் தெரியாது."

"பன்னிரண்டு வருஷம்டே."

"நூறு வருஷம் ஆனாலும் தெரியாது. சரி, எந்தச் சாவியை முதல்ல சொல்லிக்கொடுக்க?"

"பழசை."

உதுமான் சிரித்தான். "உங்க இஷ்டம். வண்டி மூப்பு பார்க்காது."

பழையது ஓடியது. புதியது ஓடியது. வெயிலுமுத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எஞ்சின் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முனகியது. உதுமான் போதும் என்று சொல்லும்வரை விடவில்லை.

வியாழக்கிழமை காலை மடத்து வாசலுக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

ஐந்து பேரும் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கதவை மட்டும் திறக்கும் அந்த முதல் சாவி அம்மையிடம்தான் இருந்தது. பேச்சியக்காவைத் தூக்க ஊரிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து, தூக்கி வைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, முடிந்தது.

அம்மை வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வெயிலுமுத்து சட்டைப்பையிலிருந்து புதுச் சாவியை எடுத்தார்.

"இந்தாங்க. யாருக்குன்னு சொல்லுங்க. அவன் கையில கொடுத்திட்டு நான் ஊரைப் பார்த்துப் போறேன்."

அம்மை கையை நீட்டினார். "எனக்கு."

"வெளையாடாதீங்க. வண்டி யாரு ஓட்டுவா?"

அம்மை பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் உரிமம். போட்டோவில் அவர் முகம்.

"இது எங்க... எப்போ?"

"சனிக்கிழமை சனிக்கிழமை தபால் ஆபீஸ் வாசல்ல இறக்கிவிட்டீங்களே. மாடியில என்ன போர்டு இருக்குன்னு ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்க்கலையா?"

வேனுக்குள் பேச்சியக்கா சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் தெரியும் அண்ணாச்சி. அம்மை டிரைவிங் ஸ்கூல் வண்டியை ரெண்டு தடவை சாக்கடையில எறக்குனது வரைக்கும் தெரியும்."

"ஒரு தடவை" என்றார் அம்மை.

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எதுக்கும்மா இதெல்லாம்? நான் நல்லாத்தானே ஓட்டுறேன்?"

"முன்பெட்டியில கண்ணாடி துடைக்கத் துணி தேடினேன். மூணு மாசம் ஆச்சு. அடியில ஒரு சீட்டு இருந்தது."

அவர் கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போனது.

"டாக்டர் பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்கார். இன்னிக்கே படுக்கை போட்டாச்சு. இங்கே தூக்க ஆள் பேசியாச்சு."

"ஆறு வாரம்மா..."

"பன்னிரண்டு பயணம். நானும் கணக்குப் பார்த்தேன்."

அவர் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றப் போனார். அம்மை தடுத்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும். ஆறு வாரம் கழிச்சு உங்களுக்கு வேணும். பன்னிரண்டு வருஷமா அஞ்சு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. ஆறாவது ஆளைக் கூட்டிட்டுப் போக ஒரு சாவி வேணாமா?"

அம்மை ஏறி உட்கார்ந்தார். புதுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. வெயிலுமுத்து இரண்டு எண்ணினார். மூன்று எண்ணினார். ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் வேனைச் சுற்றி இடதுபக்கக் கதவுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கதவு வழியாக அவர் ஏறியதே இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பேசிப் பழகாத வார்த்தை, நேராக வரவில்லை.

"அம்மா, நீங்க... நீங்க நல்லா இருப்..."

அம்மை கியரைப் போட்டார்.

"ஏறுங்க அண்ணாச்சி. நேரமாச்சு."